அட்டையில் எழுதியிருந்தபடி

விஜயகுமாரி ஏறும்போது விமானம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். நூற்றெண்பது பேரும் இறங்கிப் போன கையோடு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஐந்து பெண்கள் வாளி, துணி, குப்பைப் பைகளோடு ஏறுவார்கள். இருக்கைகளில் அப்போதும் உடம்புச் சூடு ஆறியிருக்காது. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ இரண்டு மணி நேரம் மேகத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தவர்களின் சூடு. ஏதாவது ஒரு இருக்கையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பது அவள் வழக்கம். பக்கத்து வரிசையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கும் செல்லம், "இவ வேலைக்கு வரலடி, கனாக் காண வந்திருக்கா" என்பாள். செல்லத்துக்கு ஐம்பது வயது. அந்த ஐவர் கூட்டத்தில் மூத்தவள்.

போர்ட்பிளேயரில் விமானம் தரையில் நிற்பது கொஞ்ச நேரந்தான். மத்தியானத்துக்குமேல் ஓடுபாதை கடற்படைக்குப் போய்விடும். அதனால் காலை ஏழு மணி தொடங்கி மூன்று மணிக்குள் பயணிகள் விமானமெல்லாம் வந்து இறங்கி, திரும்பிப் போயாக வேண்டும். ஒரு விமானத்தைச் சுத்தம் செய்ய அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்ளும் விஜயகுமாரி தனக்கென்று ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருக்கைப் பைகளில் ஆட்கள் விட்டுப்போன மாநகரப் பேருந்துச் சீட்டுகளை அவள் குப்பையில் போடுவதில்லை. எங்கே ஏறி எங்கே இறங்கினார்கள் என்று படித்துப் பார்ப்பாள். வாடிய மல்லிகைச் சரம், பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் போட்டி, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து, தான் பார்த்தே இராத சென்னையை அவள் மனசுக்குள் தெருத்தெருவாக எழுப்பி வைத்திருந்தாள். அந்தச் சென்னையில் எப்போதும் சாயங்காலம்.

அவள் பிறந்தது கச்சால் தீவில். அப்பா நாகலிங்கம் இலங்கையில் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்ட அங்கே கொண்டுவரப்பட்டவர். அவளும் பத்தாவது முடித்ததும் பால் வெட்டத்தான் போனாள். கூட வேலை செய்த குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டாள். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் டிசம்பர் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் ஐந்து வயது மகள் பானுவும் மேட்டுக் காட்டில் இருந்தார்கள். குழந்தைவேலுவும் அப்பாவும் மீன் வாங்கக் கரைக்கு இறங்கியிருந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. அவள் குடியிருந்த தோட்டத்து லயன் வீடு நின்ற இடத்தில் கடல் வந்து தங்கிவிட்டது, அதுவும் திரும்பவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவர்களை ராணுவ விமானம் ஒன்று போர்ட்பிளேயருக்கு ஏற்றிவந்தது. இருக்கையே இல்லாத விமானம். நூறு பேர் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலும் கிடையாது. எப்போது தரையை விட்டு எழும்பியது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரே இரைச்சல், மடியில் பானு, கால்மாட்டில் யாரோ ஒருவரின் கோழி. அவ்வளவுதான் அவளுக்குப் பறந்த ஞாபகம்.

முகாமில் ஒரு வருஷம் கிடந்த பிறகு விமானச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. ஆனால் வேலை கிடைத்தும் நாலு மாதம் உள்ளே போக முடியவில்லை. விமான நிலையத்துக்குள் கால் வைக்கப் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். சொந்த முகவரி என்ன என்று கேட்டார்கள். சொன்னாள். அங்கே போய் விசாரிக்க வீடும் இல்லை, ஆமாம் என்று சொல்ல அண்டை அயலும் இல்லை. காகிதம் போய்ப்போய்த் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு நாள் நீலக் கயிற்றில் கோத்த அட்டை ஒன்றை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அதில் அவள் பேரும் படமும் இருந்தன. சுனாமிக்குப் பிறகு அவள் பேர் அச்சில் வந்தது நிவாரணப் பட்டியலுக்கு அப்புறம் அதில்தான். புரோத்ராபூரில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தாள். பானுவைப் பள்ளியில் சேர்த்தாள். ஆறு வருஷம் ஓடிற்று.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரியில் பழைய ஒப்பந்தக் கம்பெனி போய், சென்னையிலிருந்து புதிய கம்பெனி வரப்போகிறது என்று செய்தி வந்தது. மூட்டை முடிச்சு ஏற்றி இறக்கும் லோடர்கள் நாற்பத்தெட்டு பேர், சுத்தம் செய்யும் பெண்கள் பதினைந்து பேர், எல்லோரையும் வைத்துக்கொள்வோம் என்றுதான் புதிய கம்பெனி சொன்னது. ஆனால் எல்லோரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். செல்லத்துக்குப் படிக்கத் தெரியாது. விஜயகுமாரிதான் வாங்கிப் படித்தாள். வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில், எல்லோருக்கும் ஒரே தேதி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. வருகிற ஏப்ரல் ஒன்று.

அவள் அந்தத் தேதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் இருந்தது. அதுவரைக்கும் தான் எங்கேயும் வேலைக்கே சேரவில்லை என்று அந்தக் காகிதம் சொல்லிற்று. அப்படியானால் ஆறு வருஷமாக விடியக் கருக்கலில் பஸ் ஏறி வந்தது யார் என்று அவளுக்கு ஒரு மயக்கம் போல வந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. இனி ஒரு விமானத்துக்கு மூன்று பெண்கள் போதும்.

தொழிலாளர் சங்கத்துக்கு டெலானிபூர் ஏற்றத்தில், ஒரு தையல்கடைக்கு மேலே, ஓர் அறை இருந்தது. செயலாளர் பன்னீர்செல்வம் ராமநாதபுரத்துக்காரர், லோடர். இருபது வருஷமாகத் தீவில் இருப்பவர். கோபம் வந்தால் பாதிப் பேச்சு இந்தியில் போய்விடும். கம்பெனியோடு பேச ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். செல்லத்தைப் போட்டால் முதல் நாளே சண்டை வந்துவிடும் என்று பயந்து, வாயே திறக்காத விஜயகுமாரியைப் போட்டார்கள்.

கம்பெனி சார்பில் பேச வந்தவர் அருண்பிரசாத். முப்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். எல்லோருக்கும் முன்னால் பிஸ்கட் தட்டைத் தானே நகர்த்தி வைத்தார். முதல் இரண்டு கூட்டத்தில் விஜயகுமாரி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறையின் கண்ணாடி வழியாக ஓடுபாதை தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கூட்டத்தில் பன்னீர்செல்வம் மேசையைத் தட்டி, சேர்ந்த தேதியை மாற்றாவிட்டால் வேலைநிறுத்தம் என்றார். அருண்பிரசாத் சாந்தமாகவே பதில் சொன்னார். வேலைநிறுத்தத்துக்குச் சட்டப்படி பதினாலு நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தப் பதினாலு நாளுக்குள் சென்னையிலிருந்து அறுபது பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட முடியும். தினமும் இத்தனை விமானம் வருகிறதே, ஏற்றிவர என்ன கஷ்டம் என்றார்.

வெளியே ஒரு விமானம் ஓடி, மெல்ல மேலெழும்பி, கடலுக்கு மேல் சாய்ந்தது. விஜயகுமாரி அந்த அறுபது பேரையும் மனசில் விமானத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் பை, அவர்கள் செருப்பு, வெயிலில் கண்ணைச் சுருக்குவது. வாசலில் வந்து நிற்கிறார்கள். காவலர் கையை நீட்டுகிறார்.

"அவுங்களுக்கு பாஸ் யாரு குடுப்பாங்க சார்?" என்றாள்.

அருண்பிரசாத் அவள் பேசுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் பாஸ் வாங்கிக்கொள்ளலாம் அம்மா என்றார். அதற்குள் பன்னீர்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் பாஸ்காரன் உள்ளே நடந்தால், நிரந்தரப் பாஸ் உள்ளவன் ஒருவன் கூடவே நடக்க வேண்டும் என்பது விதி. அறுபது பேருக்கு அறுபது பேர். அந்தப் பாஸ் இருப்பது யார் கழுத்தில்? நிரந்தரப் பாஸ் வாங்க நாலு மாதம் ஆகும் என்று விஜயகுமாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருண்பிரசாத் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து ஆள் வருகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

வேறு வழியில் வந்தார். அடுத்த வாரம் பன்னீர்செல்வத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, லோடர்களுக்கு மட்டும் பழைய சேர்ந்த தேதியையே வைத்துக்கொள்ளலாம், கூலியிலும் கொஞ்சம் கூட்டித் தரலாம் என்றார். பெண்கள் வேறு பிரிவு. அவர்கள் புது ஆட்களாகவே சேரட்டும், ஒரு விமானத்துக்கு மூன்று பேர் என்பதில் மாற்றமில்லை. லோடர்கள் கூடிப் பேசினார்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்றவர்களே அதிகம்.

பன்னீர்செல்வம் அதை மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே புரோத்ராபூருக்கு வந்து, அவள் அறைக்கு வெளியே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒங்கிட்ட ஒளிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். பசங்க எல்லாருக்கும் பிள்ளகுட்டி இருக்கு. நான் எப்படி வேணாங்கறது?"

"கையெழுத்துப் போட்டாச்சாண்ணே?"

"இல்ல. வெள்ளிக்கெழம போடச் சொல்றாங்க."

"அப்ப வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்குதுல்ல" என்றாள்.

என்ன இருக்கிறது என்று அவருக்கும் புரியவில்லை, சொன்ன அவளுக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். லோடர்கள் இல்லாமல் பெண்களால் என்ன செய்ய முடியும்? பெட்டி ஏறாவிட்டால் விமானம் நிற்கும். ஒரு வரிசையைப் பெருக்காவிட்டால் நிற்குமா?

மறுநாள் திங்கட்கிழமை. வாளி வண்டியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு வருஷமாக அது அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் கையில் எடுத்துப் படித்தாள். இந்தியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கச்சால் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தி அதற்குப் போதுமானதாக இருந்தது. மொத்தம் நாற்பத்தோரு வரி. ஒவ்வொரு இருக்கைப் பையையும் முழுக்கக் காலி செய்து உட்புறம் துடைக்க வேண்டும். மடக்கு மேசையை இரண்டு பக்கமும் துடைத்து, உலர்ந்த பிறகே மடக்க வேண்டும். ஜன்னல் மறைப்பை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் உயிர்காக்கும் சட்டை இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று சுத்தம் செய்தவர் கையெழுத்துப் போட்ட பிறகே பயணிகளை ஏற்ற வேண்டும். கடைசி வரி அதுதான்.

அந்தக் கையெழுத்தை இதுநாள்வரை மேற்பார்வையாளர் தம்பையா பத்து நிமிடத்திலேயே வாங்கிவிடுவார். அட்டையில் இருந்ததில் பாதியைக்கூட யாரும் செய்ததில்லை. செய்ய நேரம் கொடுத்ததும் இல்லை.

டெலானிபூர் அறையில் பதினைந்து பெண்களையும் உட்காரவைத்து அவள் அந்த அட்டையைத் தமிழில் படித்துக் காட்டினாள். செல்லம் முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேரு வேலைநிறுத்தமா?" என்றாள்.

"இல்லக்கா. இதுக்குப் பேரு வேல."

செவ்வாய்க்கிழமை காலை முதல் விமானம் ஏழேகாலுக்கு வந்தது. ஐந்து பேரும் ஏறினார்கள். யாரும் ஓடவில்லை. விஜயகுமாரி முதல் வரிசையில் மண்டிபோட்டு, இருக்கைப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துடைத்தாள். மேசையை இறக்கினாள், துடைத்தாள், ஈரம் காய்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கி, கடைசியில் நாணயம் அளவுக்கு வந்து, மறைந்தது. ஜன்னல் மறைப்பை ஏற்றியதும் காலை வெயில் ஒரு முழம் அகலத்துக்கு உள்ளே விழுந்தது. இறக்கியதும் போனது. பதினேழு வரிசைக்கு அந்தப் பக்கம் செல்லமும் அதையே செய்துகொண்டிருந்தாள். விமானம் முழுக்க வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக வருவதும் போவதுமாக இருந்தது. குளிர்காற்று சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. ஆறு வருஷமாக வந்துபோன இடத்துக்குள் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றிற்று. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைப்பதுபோல ஒவ்வொரு இருக்கையாக நகர்ந்தாள். இருக்கைக்கு அடியில் கையை விட்டால் உயிர்காக்கும் சட்டைகள் உறங்குகிற பிராணிகள்போல மெத்தென்று தட்டுப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று.

தம்பையா படிக்கட்டில் நின்று ஜல்தி ஜல்தி என்று கத்தினார். உள்ளே வந்து மறுபடியும் கத்தினார். விஜயகுமாரி எழுந்து போய் அட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த விமானம் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அதன் இடத்துக்கு அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கடுத்தது இன்னும் நேரமாயிற்று. தாமதம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. கடைசி விமானம் ஓடுபாதை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் எழும்பியது. மூடிவிட்டிருந்தால் நூற்றெண்பது பேரும் அன்று தீவில்தான் தங்கியிருக்க வேண்டும். கம்பெனிக்கு விமானக்காரர்களிடமிருந்து போன்மேல் போன் வந்ததாகத் தம்பையாவே பிற்பாடு சொன்னார். புதன்கிழமையும் அதே கதை. விமானி ஒருவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சர்வீஸில் இத்தனை சுத்தமான விமானத்தைப் பார்த்ததில்லை என்று எழுந்து போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை கடைசி விமானத்துக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் காத்துக்கொண்டிருந்தது. வடக்கே ரங்கத் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர். பாக்கு மரத்திலிருந்து விழுந்து தலையில் அடி, சென்னையில் உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். ஆம்புலன்ஸ் நிழலில் அவர் மனைவி துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் வங்காளத்தில் ஏதோ கேட்டாள். விஜயகுமாரிக்கு அந்தப் பாஷை முழுக்கப் புரியாது. ஆனால் அவள் கண் படிக்கட்டுக்கும் விமானத்துக்குமாகப் போய்வந்தது புரிந்தது.

மேலே ஏறியதும் விஜயகுமாரி அந்த நாற்பத்தோரு வரி அட்டையைக் கழற்றி வாளிக்குள் குப்புறப் போட்டாள். "இன்னைக்கு இந்த பிளேனுக்கு வேணாம்க்கா" என்றாள். ஐந்து பேரும் பழையபடி ஓடினார்கள். ஸ்ட்ரெச்சர் போட இருக்கைகளை மடக்கவும் கை கொடுத்தார்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். பெரியவரைத் தூக்கி ஏற்றியவர்கள் லோடர்கள். பன்னீர்செல்வம் ஒரு முனையைப் பிடித்திருந்தார். எதிரே இறங்கிவந்த பெண்களை அவர் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே பிஸ்கட் தட்டு. லோடர்களுக்கான ஒப்பந்தம் பன்னீர்செல்வத்துக்கு முன்னால் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அருண்பிரசாத் விஜயகுமாரி பக்கம் திரும்பினார்.

"நேத்து இருபத்திரண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கீங்கம்மா. எங்கிட்ட பதிவு இருக்கு. அப்ப உங்களால முடியும். மத்த நாள் வேணும்னே இழுத்தடிச்சிருக்கீங்க."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசமாட்டாள் என்று நினைத்து அவர் பக்கத்தைப் புரட்டப் போனபோது சொன்னாள்.

"நேத்து குடுத்தது அந்தப் பெரியவருக்கு சார். ஒங்களுக்கு இல்ல. ஒங்களுக்கு வேணும்னா நீங்க எங்ககிட்ட கேட்டு வாங்கணும். அதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கோம்."

பன்னீர்செல்வம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். ஆட்களிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை விஜயகுமாரி கூட்டத்தார் ஐந்து பேருக்கும் வாசலிலேயே கடிதம் கொடுத்தார்கள். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம். அவர்களுக்குப் பதிலாக ஊருக்குள்ளிருந்து ஐந்து பெண்களைக் கம்பெனி கூட்டி வந்திருந்தது. கையில் ஒருநாள் பாஸ். அவர்களில் ஒருத்தி விஜயகுமாரியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். புரோத்ராபூரில் இரண்டு வீடு தள்ளி இருப்பவள்.

உள்வாசலில் காவலர், இவர்களோடு நடப்பது யார் என்று கேட்டார். மற்ற பத்துப் பெண்களும் முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தம்பையா லோடர்களைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். நாகராஜ் என்றார். நாகராஜ் பெல்ட்டைச் சரி செய்துகொண்டு நின்றான். ஜம்புலிங்கம் என்றார். ஜம்புலிங்கத்துக்குக் காது கேட்கவில்லை. பன்னீர்செல்வம் என்றார். பன்னீர்செல்வம் பெட்டி வண்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். தங்கள் வேலை பெட்டி ஏற்றுவது, ஆள் கூட நடப்பது இல்லை என்றார். அதையும் எங்காவது அட்டையில் எழுதியிருந்தால் காட்டச் சொன்னார்.

விஜயகுமாரியும் மற்ற நால்வரும் வெளியே லம்பாலைன் ரோட்டோரம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அங்கிருந்து விமானத்தின் வால் தெரிந்தது. பின்கதவு திறந்திருந்தது. படிக்கட்டு அதை ஒட்டி நின்றிருந்தது. படியில் யாரும் இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்ஜின் சத்தம்கூட இல்லை. மைனாக்கள் புல்லில் நடந்துகொண்டிருந்தன. அவ்வளவு பெரிய வெள்ளை உடம்பு தங்கள் ஐந்து பேருக்காகக் காத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நிஜமாகத்தான் நிற்கிறதா என்று செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லத்தின் கை வேர்த்திருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துத் தம்பையா வாசலைத் தாண்டி அவர்களிடம் நடந்து வந்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் எல்லோரையும் வைத்துப் பேசக் கம்பெனி ஒத்துக்கொண்டதாம்.

"அட்டையோடயா, அட்ட இல்லாமயா?" என்று செல்லம் கேட்டாள்.

உங்கள் இஷ்டம் என்றார் தம்பையா. விஜயகுமாரி யோசித்து, பேச்சு நடக்கிற வரைக்கும் அட்டை இல்லாமல் என்றாள்.

பேச்சு மூன்று நாள் நடந்தது. அறுபத்து மூன்று பேருக்கும் அவரவர் சேர்ந்த பழைய தேதியே நிற்கும், இனி எந்தக் கம்பெனி வந்தாலும் ஆட்களும் அவர்கள் வருஷங்களும் அப்படியே கைமாறும் என்று எழுதினார்கள். கம்பெனி மூன்று பெண்கள் என்றது, சங்கம் ஐந்து என்றது. நாலில் வந்து நின்றது. ஐந்தாவது ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றபோது விஜயகுமாரி மறுத்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் வாரம் ஒருத்தி முறைவைத்து இருக்கை உறை துவைக்கும் கொட்டகைக்குப் போகட்டும், யாரும் வேலையை விட்டுப் போக வேண்டாம் என்றாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். லோடர்களுக்குத் தருவதாகச் சொன்ன கூலி உயர்வு மட்டும் அதில் போயிற்று.

அதற்காகச் சில லோடர்கள் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷச் சங்கத் தேர்தலில் பன்னீர்செல்வம் தோற்றுப் போனார். தோற்ற அன்று அவள் வீட்டுக்கு வந்து, இந்தத் தடவை டீயை முழுக்கக் குடித்தார். அவளைச் செயலாளராக நிற்கச் சொல்லிச் செல்லம் சண்டை போட்டாள். அவள் சம்மதிக்கவில்லை. குழுவில் மட்டும் இருந்தாள். கூட்டங்களில் முன்போலவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் திரும்பினால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கொட்டகை வாரம் வரும்போது முதலில் அவளுக்குச் சலிப்பாக இருந்தது. பிறகு அதுவும் பிடித்துப்போயிற்று. நீல உறைகள் நூற்றுக்கணக்கில் கொடியில் காயும். காற்றடித்தால் எல்லாம் ஒன்றாக உப்பி எழும்பும். நடுவே நின்றால் நாலு பக்கமும் நீலம்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அந்தக் கம்பெனியும் போய் இன்னொரு கம்பெனி வந்தது. இந்தத் தடவை கூட்டம் எதுவும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் படிவத்தைக் கொடுத்தார்கள். அவள் படித்துப் பார்த்தாள். சேர்ந்த தேதிக்கு எதிரே இரண்டாயிரத்தாறு என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காற்று பட்டதும் கண் சொக்கியது. புரோத்ராபூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நடத்துனர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் கடைசி நிறுத்தமான சிடியாடாப்புக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் இதே பஸ் திரும்பும், வேண்டுமானால் உட்கார்ந்திரு என்று அவர் இந்தியில் சொன்னார். அவள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அங்கே வந்ததில்லை. கடல் வடிந்து வெகுதூரம் போயிருந்தது. சுனாமியில் சாய்ந்த மரங்கள் வேரோடு வெளுத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ஈர மணல் குளிர்ச்சியாக இருந்தது. கடலைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அதைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள், இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அது தன்பாட்டுக்குக் கிடந்தது. அவளும் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

பஸ்காரர் ஹாரன் அடித்தார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, எழுந்து, இரண்டு காலும் நனைகிற வரைக்கும் தண்ணீரை நோக்கி நடந்தாள்.